சங்கத்துக்கு ஒரு சிறுபான்மை

சிறுபான்மையினரின் உரிமை இந்த உலகத்தில் இரண்டே இரண்டு இடங்களில்தான் பழுதில்லாமல் நிலைநாட்டப்பட்டது. முதலாவது, 1801ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி பதவியேற்றுப் பேசியபோது. இரண்டாவது, 1996ஆம் ஆண்டு இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்தெருவிலுள்ள ஒரு கத்தோலிக்கக் கோவிலின் கீழ்மண்டபத்தில், வியாழக்கிழமை பின்னேரங்களில் மூன்று மணி முதல் ஆறு மணி வரை. ஆறு மணிக்கு மண்டபம் கோவில் பாடகர் குழுவுக்குப் போய்விடும். உரிமைகளும் அத்துடன் அடுத்த வியாழன் வரைக்கும் ஒத்திவைக்கப்படும்.

ஏன் வியாழன் என்றால், அந்த ஊரில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும்தான் ஓய்வு. வியாழன் மத்தியானம் திரும்பியதும் பலேர்மோவின் எஜமானிகளான சினியோராக்கள் தங்கள் கோப்பியைத் தாங்களே போட்டுக்கொள்ள, அவர்களுடைய வேலையாட்கள் மண்டபத்துக்கு வந்து தலைவர், உபதலைவர், செயலாளர், போஷகர் என்று உயர்ந்த பதவிகளில் அமர்வார்கள். 'பலேர்மோ தமிழர் ஐக்கிய சங்க'த்தில் உறுப்பினர் நாற்பத்துநாலு பேர். பதவிகள் முப்பத்தொன்று. மிச்சம் பதின்மூன்று பேருக்கு மனத்தாங்கல் இருந்தது.

இந்தப் பொற்காலத்தில் உரிமை காக்கப்பட்ட பாக்கியசாலியின் பெயர் செல்வென். மொரிசியஸ் தமிழர், சைவர், முப்பத்தெட்டு வயது. பொலிதேயாமாப் பக்கம் ஒரு ஆறுமாடிக் கட்டடத்தின் படிகளைக் கூட்டித் துடைப்பது அவருடைய வேலை. கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கோப்பை கழுவுவார். அங்கே பக்கத்தில் நின்று கழுவிய றஞ்சித்திடம் மூன்று கோடையில் யாழ்ப்பாணத் தமிழ் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் வீட்டில் கிரியோல், வெளியில் இத்தாலியன், கடவுளிடம் மட்டும் தமிழ் என்றுதான் அவருடைய ஆட்சி நடந்தது. கடவுளிடம் பேசிய தமிழும் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான்.

அந்தக் காகிதத்தை ஒருநாள் மகள் ஓட்ரி வாங்கிப் பார்த்தாள். ஒன்பது வயது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பள்ளிக்கூடத்து எழுத்துத்தானே பப்பா, தமிழ் எழுத்து எங்கே?” என்று இத்தாலியனில் கேட்டாள். செல்வெனுக்கு முகம் சுண்டிப் போனது. அவருடைய அப்பாவுக்கும் அந்த எழுத்துத் தெரியாது, அவருக்கும் தெரியாது. மூன்றாவது ஆளுக்கும் தெரியாமல் போவதற்குத் தான் காரணமாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார். கடைக்குப் போய் ஒரு கொப்பி வாங்கினார். ஓட்ரி மட்டையில் தன் பெயரை இத்தாலியனில் எழுதி, அதற்குக் கீழே ஒரு வரியைத் தமிழுக்காக வெறுமையாக விட்டாள்.

சங்கம் ஞாயிறு காலைகளில் அதே மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்தியது. அகஸ்ரீனா ரீச்சர் படிப்பித்தார். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எழுதிவிடும் என்று பேர்போன வகுப்பு அது. ஒரே ஒரு விதி, பத்து வயது நிறைந்தால் முதலாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். ஓட்ரிக்குப் பத்து வயது நிறைவது மார்ச் பதினாலாம் திகதி. இப்போது ஒக்டோபர். அவகாசம் தாராளமாக இருந்தது, சங்கம் என்ற ஒன்றைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

இனி, தலைவர் சூசைதாசன் மாஸ்ரரைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுந்து நின்று சொல்லவேண்டிய விஷயம், வாசகர்கள் இருந்தபடியே கேட்கலாம். மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்தவர். பலேர்மோவில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, புத்தகங்களுக்குத் தூசி தட்டும் பொறுப்பில் இருந்தார். பேராசிரியர் அமெரிக்க வரலாறு படித்தவர். தூசி தட்டத் தட்ட, ஆரம்பகால அமெரிக்க ஜனாதிபதிகளின் பேச்சுகள் அடங்கிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று மாஸ்ரரின் கையில் சிக்கியது. அன்றிலிருந்து மற்றப் புத்தகங்களில் தூசி சேர ஆரம்பித்தது.

சங்கத் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. மன்னார்ப் பக்கம் மாஸ்ரர், யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் ஏர்னஸ்ற். இருபத்துமூன்றுக்கு இருபத்தொன்று. தோற்ற இருபத்தொரு பேரும் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மாஸ்ரர் எழுந்து தன் பதவியேற்பு உரையை நிகழ்த்தினார்.

“அன்பர்களே, முதலாவது ஜனாதிபதி விடைபெறும்போது என்ன சொன்னார்? ஐக்கியமே நமது வீட்டின் தூண் என்றார். மூன்றாவது ஜனாதிபதி பதவியேற்கும்போது என்ன சொன்னார்? நாங்கள் எல்லோரும் அந்தக் கட்சி, நாங்கள் எல்லோரும் இந்தக் கட்சி என்றார். நானும் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் மன்னார். நாங்கள் எல்லோரும் தீவு.”

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை, தான் எப்போது மன்னார் ஆனது என்று யோசித்தது.

“அதே ஜனாதிபதி இன்னொன்றும் சொன்னார். பெரும்பான்மையின் விருப்பம் நடக்கும். ஆனால் சிறுபான்மைக்கும் சமமான உரிமை உண்டு, சமமான சட்டம் அதைக் காக்கவேண்டும், மீறினால் அது கொடுங்கோன்மை. இன்று முதல் இந்தச் சங்கம் சிறுபான்மையின் உரிமையை உயிரைக் கொடுத்தும் காக்கும்.”

உபதலைவர் ஸ்ரான்லி எழுந்து, “மாஸ்ரர், ஒரு சந்தேகம். சிறுபான்மை எண்டு ஆரைச் சொல்லுறியள்? ஏர்னஸ்ற் அண்ணையவையோ?” என்று கேட்டார்.

ஏர்னஸ்ற் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “ரெண்டு வோட்டாலை தோத்தால் சிறுபான்மையோ? தம்பி, வாயை அளந்து கதை.”

சங்கம் உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாஸ்ரர் கையை உயர்த்தினார். அப்போதுதான் அந்தப் பயங்கரமான உண்மை எல்லோருக்கும் விளங்கியது. சங்கத்தில் நாற்பத்துநாலு பேரும் கத்தோலிக்கர், நாற்பத்துநாலு பேரும் ஒரே மொழி பேசுபவர்கள். உயிரைக் கொடுத்துக் காப்பதற்குச் சிறுபான்மை என்று ஒரு சீவன் கிடையாது. காக்கும் கைகள் எல்லாம் ஆயத்தமாக இருக்க, காக்கப்பட ஆளில்லாத அந்த நிலைமை எந்தச் சங்கத்துக்கும் வரக்கூடாது.

“எனக்கு ஒருத்தரைத் தெரியும்,” என்றார் றஞ்சித். “நல்ல மனிசன். சண்டைக்கும் வரமாட்டார்.”

செல்வென் வந்து சேர்ந்தது இப்படித்தான். அடுத்த வியாழன் மாஸ்ரர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “செல்வென், நீர்தான் எங்கடை சிறுபான்மை,” என்றார். இவ்வளவு அன்பாக இத்தாலியில் யாரும் செல்வெனின் கையைப் பிடித்ததில்லை. குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் பிடித்தார்கள், கைரேகைக்காக. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உரிமைகள் மளமளவென்று வழங்கப்பட்டன. முன்வரிசையில் தனிக் கதிரை, அதன் முதுகில் 'சிறுபான்மை' என்று ஒரு மட்டை. படம் எடுக்கும்போது தலைவருக்கு வலப்பக்கம் நிற்கும் உரிமை. 'பண்பாட்டு உரிமை' என்ற தலைப்பில், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவருடைய மனைவி ஷாந்தால் எண்பது பருப்புப் பூரி சுட்டுக் கொண்டுவரும் உரிமை. ஷாந்தாலுக்கும் வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. அந்த ஓய்வை அவர் இந்த உரிமையை அனுபவிப்பதில் செலவழித்தார். கதைக்கும் உரிமையும் இருந்தது, மற்ற எல்லோரும் கதைத்து முடித்த பிறகு. அது பெரும்பாலும் ஆறு மணிக்குப் பாடகர் குழு உள்ளே வரும் நேரமாக இருந்தது.

செல்வென் எதற்கும் முகம் கோணவில்லை. ஓட்ரிக்கு ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தார். நவம்பரில், வகுப்பு அலுவல்களைப் பார்த்துவந்த றஞ்சித்திடம் விண்ணப்பம் கேட்டார்.

“இந்தாங்கோ,” என்று றஞ்சித் தாளை நீட்டினார். “பிள்ளையின்ரை பேர், பிறந்த திகதி. பிறகு ஞானஸ்நானப் பேர், ஞானஸ்நானம் எடுத்த கோவில், ஞானத்தகப்பன்ரை பேர். ஞானஸ்நானப் பத்திரத்தின்ரை கொப்பி ஒண்டும் வைக்க வேணும்.”

“நாங்கள் சைவம், றஞ்சித்.”

“தெரியும் அண்ணை. எண்டாலும் வெறுமையா விடேலாது. கீழை போட்டிருக்குப் பாருங்கோ, எல்லாக் கட்டமும் நிரப்ப வேணுமெண்டு.”

இந்த விண்ணப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வகுப்புத் தொடங்கிய வருடம் றஞ்சித் கோவில் அலுவலகத்தில் இருந்த ஞானோபதேச வகுப்பின் விண்ணப்பத்தை எடுத்து, தலைப்பின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, 'தமிழ் வகுப்பு' என்று எழுதிப் போட்டோக்கொப்பி அடித்துவிட்டார். அவசரம், அவருக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. பலேர்மோவில் அகரம் எழுதுவதற்கு ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும் என்ற சட்டம், ஒருவரும் இயற்றாமலே, போட்டோக்கொப்பி இயந்திரத்தின் வழியாக அமலுக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் அந்தப் பத்திரம் இருந்தபடியால் அது ஒரு சட்டம் என்பதே யாருக்கும் தெரியாது.

செல்வென் தலைவரிடம் போனார். ஓட்ரியின் இத்தாலியப் பள்ளிக்கூட அறிக்கை, தன் வதிவிட அனுமதியான பெர்மெசோ, பாஸ்போட், எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். மாஸ்ரர் ஒன்றையும் தொடவில்லை.

“செல்வென், சமமான சட்டம் எண்டால் என்ன? எல்லாப் பிள்ளையளும் குடுத்ததைத்தான் உம்மடை பிள்ளையும் குடுக்க வேணும். உமக்கு மட்டும் விட்டுக்குடுத்தால் நான் உம்மை வேறை ஆளாப் பாத்தமாதிரி ஆயிடும். அந்தப் பாவத்தை என்னாலை செய்யேலாது.”

செல்வென் பரப்பிய தாள்களைத் திரும்ப அடுக்கினார். “அப்ப பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்க வேணுமோ, மாஸ்ரர்?”

மாஸ்ரர் திடுக்கிட்டார். “சீச்சீ. அது மத சுதந்திரத்துக்கு விரோதம். உம்மை ஆராவது அப்பிடி வற்புறுத்தினால் உடனை என்னட்டைச் சொல்லும். கண்டனத் தீர்மானம் கொண்டுவருவன்.”

செல்வெனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெல்லெக்ரீனோ மலைக்கு அவர் வருடாவருடம் வெறுங்காலுடன் ஏறிப் போய், குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு வருகிறவர். அந்தப் புனிதை இதுவரைக்கும் அவரிடம் ஒரு பத்திரமும் கேட்டதில்லை. அங்கே குழுக்கள் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

இங்கே குழு இருந்தது. டிசம்பர் மாதம், ஓட்ரியின் விஷயத்தை ஆராய, 'சிறுபான்மை உரிமைக் காப்புக் குழு' ஐந்து பேருடன் அமைக்கப்பட்டது. சங்கத்தில் பதவி இல்லாதவர்களின் மனத்தாங்கலும் இதனால் பெரிதும் குறைந்தது. செல்வென் தன்னையும் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்.

“அதெப்பிடி?” என்றார் ஸ்ரான்லி. “உங்கடை வழக்குக்கு நீங்களே நீதிபதியோ? பக்கச்சார்பு எண்டு சனம் கதைக்கும்.”

செயலாளர் எமிலியானா, செல்வென் படி கூட்டும் அதே கட்டடத்தின் நாலாம் மாடியில் ஒரு சினியோராவிடம் வேலை செய்தார். படியில் காணும்போதெல்லாம் செல்வென் துடைப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “குழு என்ன சொல்லுது அக்கா?” என்று கேட்பார்.

“ஆழமா ஆராயுது, செல்வென்.”

“பிள்ளைக்கு மார்ச்சிலை பத்து முடியுது.”

“தெரியும். நான் அதைக் குறிப்பிலை எழுதியிருக்கிறன். ரெண்டு தரம் அடிக்கோடும் போட்டிருக்கிறன். நான் எழுதுற ஆள் மட்டும்தானே,” என்று சொல்லிவிட்டு எமிலியானா படியைப் பார்த்துக்கொண்டு ஏறிப்போவார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைக் குறிப்பில் எழுதும் வழக்கம் சங்கத்தில் இல்லை.

ஜனவரியில் குழு கூடவில்லை, இருவருக்குத் தடிமன் காய்ச்சல். பெப்ரவரியில் கூடியது, 'சிறுபான்மை' என்பதற்கு வரைவிலக்கணம் வேண்டும் என்று கலைந்தது. செல்வென் பொறுக்க முடியாமல் பங்குத்தந்தையையே நேரில் போய்ப் பார்த்தார். அந்த இத்தாலியர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஞானஸ்நானப் பத்திரத்தை நான் எப்போது கேட்டேன், மொழி படிக்க வரும் பிள்ளைக்கு அது எதற்கு, பேசாமல் ஞாயிறு கூட்டிக்கொண்டு வாரும் என்றார்.

செல்வென் படிகளில் ஓடாத குறையாக மண்டபத்துக்கு வந்தார். அன்று மார்ச் ஆறாம் திகதி, வியாழன். “மாஸ்ரர், பங்குச் சுவாமி ஓம் எண்டிட்டார். பத்திரம் தேவையில்லையாம்.”

மாஸ்ரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “செல்வென், நீர் என்ன காரியம் செய்துபோட்டீர். சுவாமி தந்தால் அது தயவு. தயவாலை கிடைக்கிறது உரிமை இல்லை. நாளைக்கு வேறை சுவாமி வந்து இல்லை எண்டால் என்ன செய்வீர்? நாங்கள் உமக்கு உரிமையாத் தர இவ்வளவு பாடுபடேக்கை, நீர் போய்ப் பிச்சை கேட்டிருக்கிறீர்.”

“எனக்கு உரிமை எண்டாலும் சரி, பிச்சை எண்டாலும் சரி, மாஸ்ரர். பிள்ளைக்கு வகுப்பு வாங்கிலை ஒரு இடம் வேணும்.”

“உம்மைப்போல ஆக்களாலைதான் சிறுபான்மையள் முன்னேறாமல் கிடக்கு,” என்றார் மாஸ்ரர் வருத்தத்துடன்.

ஆனாலும் அந்த ஞாயிறு செல்வென் ஓட்ரியைக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை தலை வாரி இழுத்து, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். அகஸ்ரீனா ரீச்சர் வாசலில் நின்று, “எனக்கு ஒரு மறுப்பும் இல்லைத் தம்பி. குழுவின்ரை கடிதம் ஒண்டு மட்டும் இருந்தால் காணும். அது இல்லாமல் பிள்ளையை எடுத்தால் என்னை வகுப்பாலை எடுத்துப்போடுவினம்,” என்றார். அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் சேர்ந்து சத்தமாக வாசித்தார்கள். ஓட்ரி படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். பிறகு வீட்டுக்குப் போவோம் என்றாள்.

குழுவின் அறிக்கை மார்ச் இருபதாம் திகதி வெளிவந்தது. பதினொரு பக்கம். மனித உரிமை வரலாற்றில் அப்படி ஓர் அறிக்கை அரிது. ஓட்ரி என்ற சிறுபான்மைக் குழந்தை தமிழ் படிப்பதற்கு முழு உரிமையும் உடையவர் என்று ஐந்து பேரும் ஏகமனதாகத் தீர்ப்பளித்திருந்தார்கள். பன்னிரண்டாவது வாசகத்தில், அவருக்குப் பத்து வயது நிறைந்து ஆறு நாளாகிவிட்டபடியால் முதலாம் வகுப்பில் சேர முடியாது என்றும், முதலாம் வகுப்புப் படிக்காதபடியால் இரண்டாம் வகுப்பிலும் சேர முடியாது என்றும் கண்டிருந்தது.

“பாத்தீரோ,” என்று மாஸ்ரர் செல்வெனின் தோளில் தட்டினார். “உரிமை கிடைச்சிட்டுது.”

அன்று ஷாந்தால் மாவுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இனி எந்த வியாழனும் பூரி இல்லை என்று கிரியோலில் சொன்னார், அதற்குமேல் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஓட்ரி அந்தக் கொப்பியில் கணக்குப் போடத் தொடங்கியிருந்தாள். பரவாயில்லை பப்பா, என்று சொன்னாள். பிள்ளை அப்படிச் சொன்னதுதான் செல்வெனால் தாங்க முடியாமல் போனது. கோபம் வந்தது, நல்ல கோபம். யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. சங்கத்தில் ஒருவரும் அவரிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொன்னதில்லை.

மே மாதம் ஆண்டு விழா வந்தது. மண்டபம் சோடிக்க மாஸ்ரருக்கு இரண்டு காலை லீவு தேவைப்பட்டது. பேராசிரியரைப் பார்த்துக்கொள்ளப் பதிலாள் வேண்டும். நம்பிக்கையான ஆள் என்று அவருக்குச் செல்வெனின் ஞாபகம்தான் வந்தது. இதுவும் ஓர் உரிமைதான்.

செல்வென் பேராசிரியருக்குச் சவரம் செய்து, கோப்பி கொடுத்து, பக்கத்தில் அமர்ந்தார். மேசையில் அந்தத் தடித்த புத்தகம் கிடந்தது. அதைக் காட்டி, இதில் சிறுபான்மைக்குச் சமமான உரிமை என்று பேசிய ஜனாதிபதி யாரைச் சிறுபான்மை என்று சொன்னார் என்று இத்தாலியனில் கேட்டார்.

“தேர்தலில் தோற்ற கட்சியைச் சொன்னார்,” என்றார் பேராசிரியர். “அவரைப் போலவே காணி பூமி உள்ள கனவான்களை.”

“வேறு ஒருவரும் இல்லையா?”

“இருந்தார்கள். அவருடைய சொந்தத் தோட்டத்திலேயே அடிமைகள் நூற்றுக்கு மேல் இருந்தார்கள். ஐக்கியத்தைப் பற்றிப் பேசினாரே முதலாவது ஆள், அவரிடமும் இருந்தார்கள். அவர்கள் சட்டத்தில் சொத்து. பெரும்பான்மையும் இல்லை, சிறுபான்மையும் இல்லை. பேச்சு நல்ல பேச்சுத்தான், நான் நாற்பது வருடம் படிப்பித்திருக்கிறேன்.” பேராசிரியர் கோப்பையை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் சீனி போடு.”

ஆண்டு விழாவில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் சிறுபான்மையைப் புகழ்ந்தார்கள். ஏர்னஸ்ற்கூட மேடையில் ஏறி, மன்னாரும் தீவும் கட்டித்தழுவுவதற்குச் செல்வென்தான் காரணம் என்றார். அது உண்மைதான். வேறு ஒருவர் சிறுபான்மையாக இருக்கும் மட்டும் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தேவையில்லை என்பதை இரண்டு பக்கமும் கண்டுகொண்டிருந்தன. ஐந்தேமுக்காலுக்கு மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இப்பொழுது நமது சிறுபான்மை நன்றியுரை வழங்குவார்.”

செல்வென் மேடைக்குப் போனார். “எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதிக்கொண்டு வரேல்லை. எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. என்ரை பிள்ளைக்கும் தெரியாது.”

மண்டபம் கனிவோடு தலையாட்டியது.

“அந்த அமெரிக்கப் பேச்சைப் பற்றி நான் புறொபெசோரேயிட்டைக் கேட்டனான். அதைப் பேசின பெரிய மனிசன்ரை தோட்டத்திலை கொஞ்சச் சனம் இருந்ததாம். நிலம் கொத்தினதும் அவை, சமைச்சதும் அவை. ஆனால் பெரும்பான்மை எண்டேக்கையும் அவையைச் சொல்லேல்லை, சிறுபான்மை எண்டேக்கையும் அவையைச் சொல்லேல்லை. அவைபட்ட பாடு எங்கை, என்ரை பாடு எங்கை. அளவு வேறை. முறை ஒண்டுதான். எங்கடை மாஸ்ரர் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர் எண்டு நான் இவ்வளவு நாளும் நினைச்சன். இல்லை. அந்தத் தோட்டத்தையும் சேத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்.”

அமெரிக்க ஜனாதிபதியுடன் தன்னை ஒப்பிட்டதைக் கேட்டு மாஸ்ரர் உள்ளம் பூரித்துக் கைதட்டத் தொடங்கினார். தலைவர் தட்டுகிறார் என்று ஸ்ரான்லியும், பிறகு முழு மண்டபமும் தட்டியது. எமிலியானா மட்டும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். செல்வென் சத்தம் அடங்கும்வரை காத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு,” என்றார். “அந்தச் சனத்தை ஒருத்தரும் மேடையிலை ஏத்தி நன்றி சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை.”